கொள்ளிடக் கரையோரம்: பாலம் முடிகிற இடத்திலிருந்து

திங்கள்: முக்கொம்பு, திருச்சி

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28ஆம் தேதி மூடிவிடுவார்கள் என்பதால், பிப்ரவரி தொடக்கத்தில் கொள்ளிடத்தைப் பார்க்க யாரும் மெனக்கெட்டு வருவதில்லை. முக்கொம்பிலிருந்து கடல்வரை கொள்ளிடக் கரையோரமாகப் போய்ப் பாலங்களையும் சாலைகளையும் பார்க்க நாங்கள் அந்த வாரத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். வெள்ளம் ஓடும்போது மக்கள் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று படம் எடுக்கலாம். அது பாலத்தையும் கரையையும் சாலையையும் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்பது ஆறு வற்றிய பிறகுதான் தெரியும். உடன் வருபவர் நீர்வளத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர். ஸ்கூட்டர் அவருடையது, பேச்சும் பெரும்பாலும் அவருடையதுதான்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி என்ற பெயரிலேயே தஞ்சை வயல்களுக்குப் போகிறது. வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவு கூடுதலாகவும் இருப்பதால், தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் தண்ணீர் இயல்பாகவே வடக்கு நோக்கித்தான் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, காவிரியின் வாய் மணல் மேடிட்டுப் பாசனம் குன்றிக்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் இங்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது அதைத் திருத்தத்தான். அன்றிலிருந்து கொள்ளிடத்தின் முக்கிய வேலை: காவிரி தாங்க முடியாததை வாங்கிக்கொண்டு கடலில் சேர்ப்பது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்துவிட்டுச் சில நாட்களில் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிவரை சுமக்கிற ஆறு இது; இதன் குறுக்கே பாலம் கட்டுகிறவர்களும் இதன் கரையில் சாலை போடுகிறவர்களும் அந்தச் சில நாட்களுக்காகத்தான் கட்ட வேண்டும்.

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, கொள்ளிடப் பக்கத்து அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகு சுமார் 387 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் நின்று பார்த்தபோது, கீழ்ப்புறத்தில் கான்கிரீட் தளம் முடிந்து மணல் தொடங்குகிற விளிம்பைத்தான் நண்பர் வெகுநேரம் கவனித்தார். கதவு எத்தனை, உயரம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், அந்த விளிம்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்றார். கதவிலிருந்து விழுகிற தண்ணீரின் வேகம் தளம் முடிகிற இடத்தில்தான் மணலைப் பறிக்கத் தொடங்கும். அங்கே விழுகிற பள்ளம் பின்னோக்கி நகர்ந்து அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் மேலே எவ்வளவு இரும்பு இருந்தாலும் பயனில்லை.

பிற்பகலில் திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் இடையிலுள்ள பாலத்துக்கு வந்தோம். இங்கே 1928இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்திலேயே 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டதும் பழையதில் வாகனங்கள் நின்றன. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு மட்டும் அது பயன்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சில இறங்கி, பாலம் நடுவில் உடைந்து ஆற்றில் விழுந்தது. பின்னர் மிச்சத்தையும் இடித்து அகற்றிவிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. புதிய பாலத்தின் தூண்களைக் காப்பதற்காகக் கீழ்ப்புறம் கட்டிய தடுப்புச் சுவரின் ஒரு பகுதியை 2024 ஆகஸ்ட் வெள்ளம் கொண்டுபோயிற்று. அதே நாட்களில் ஆற்றுக்குள் நின்ற உயர்மின் கோபுரங்களும் சாய்ந்தன.

கரையிறங்கி மணலில் நடந்து தூண்களுக்கு அருகில் போனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தூணுக்குக் கீழே மணலுக்குள் மறைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரிகிற இடங்களில் கான்கிரீட்டின் நிறமே வேறாக இருக்கிறது. மேலே வெயில் பட்டு வெளுத்த சாம்பல், கீழே பாசியும் கறையும் ஏறிய கருமை. ஈறு கரைந்த பல்லைப் போல ஆறு இறங்க இறங்கத் தூண் நீண்டுகொண்டே வருகிறது. பல பத்தாண்டுகள் மணல் அள்ளியதன் கணக்கு எந்த ஏட்டில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், இந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

செவ்வாய்: திருமானூர்

கல்லணையைக் கடந்து கொள்ளிடத்தின் வடகரையோரமாகவே கிழக்கே வந்தோம். இங்கே ஆறு நன்றாக அகன்றுவிடுகிறது. எதிர்க்கரையில் நிற்கிறவர் மனிதரா மரமா என்று சொல்ல முடியாது. திருமானூர்ப் பகுதியில் மணல் குவாரி வேண்டாம் என்று மக்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் நிலத்தடி நீரைப் பற்றியது. கொள்ளிடத்து மணல்தான் இரு கரையிலும் உள்ள ஆழ்குழாய்க் கிணறுகளுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அது போனால் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் போய்விடும் என்பது. பாலத்துக்கும் அதுவே பொருந்தும் என்பதை நேற்றே பார்த்துவிட்டோம்.

கரைமேல் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. பொக்லைன் கரையின் உள்சரிவை வெட்டிச் சமன்செய்ய, டிப்பர்கள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்ட, தண்ணீர் லாரி ஒன்று நனைத்துக்கொண்டே போக, பின்னால் ரோலர் வந்தது. வேலை ஒழுங்காகத்தான் நடந்தது என்று நண்பர் சொன்னார். மண்ணை ஒரே அடுக்காகக் கொட்டி மேலே ரோலரை ஓட்டினால் மேல் முக்கால் அடி மட்டும் இறுகும், அடியில் பொதபொதவென்று இருக்கும், முதல் வெள்ளத்தில் கரை கசியும். இங்கே அடுக்கடுக்காகப் பரப்பித் தண்ணீர் ஊற்றி இறுக்கினார்கள். கரை என்பது முதலில் வெள்ளத்தடுப்பு, பிறகுதான் சாலை. தார் போட்டவுடன் அந்த வரிசை எல்லோருடைய மனத்திலும் மாறிவிடுகிறது, செங்கல் லாரியிலிருந்து கரும்பு டிராக்டர்வரை அனைத்தும் அதன்மேல் ஏறிவிடுகின்றன என்பதுதான் அவருடைய குறை. இன்று வேறொன்றும் சொல்வதற்கில்லை. வெயில் கடுமையாக இருந்தது.

புதன்: அணைக்கரை

கீழணை இருக்கும் இடத்தைத்தான் ஊரார் அணைக்கரை என்கிறார்கள். கொள்ளிடம் இங்கே வடக்கு, தெற்கு என்று இரண்டு கிளையாகி ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டு கிளைகளின் மேலும் காட்டன் காலத்து அணை. ஒன்பது அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் வழியாக இரு பக்கத்து வயல்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. சென்னைக்காரர்கள் குடிக்கிற வீராணத்துத் தண்ணீர் இந்த மதகுகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த அணையின் மேல்தளமே நீண்ட காலம் கும்பகோணம் – சென்னைச் சாலையின் பாலமாகவும் இருந்தது. மாட்டு வண்டிக்காகக் கட்டிய அகலத்தில் அரசுப் பேருந்துகளும் கரும்பு லாரிகளும் ஓடின. பிறகு கனரக வாகனங்களைத் தடைசெய்து, சிறிய வண்டிகளை மட்டும் ஒரு பக்கம் நிறுத்தி மறுபக்கம் விட்டார்கள். லாரிகள் நீலத்தநல்லூர் – மதனத்தூர்ப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. பேருந்தில் வருகிறவர்கள் அணைக்கரையில் இறங்கி, மூட்டை முடிச்சுடன் பாலத்தை நடந்து கடந்து, மறுகரையில் வேறு பேருந்து ஏறிய காலத்தைத் தேநீர்க் கடையில் ஒருவர் விரிவாகச் சொன்னார்.

இப்போது இங்கே விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வந்துவிட்டது. அதில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டர் பகுதி 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகி, 2025 ஜூலை 26ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொள்ளிடத்தின் மேலே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்குவழிப் பாலம் அதன் பகுதி. பாலத்தில் ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் மறுகரை. பயண நேரம் முக்கால் மணி குறைகிறது என்று அரசு சொல்கிறது. பழைய பாலத்தில் காத்துக்கிடந்தவர்கள் அதைவிட அதிகம் என்பார்கள். அணைக்கரையில் ஆற்றுமீன் வறுத்து விற்கும் அம்மாவுக்கு மட்டும் இதில் மகிழ்ச்சி இல்லை. "பாலத்துல நின்னப்பல்லாம் மீன் வாங்குனாங்க. இப்ப யாரு தம்பி நிக்கிறா?" என்றார். சரியான கேள்விதான். ஆனால் அதற்காகப் பழைய அணையின் முதுகில் இன்னும் நூறாண்டு லாரி ஓட்டச் சொல்ல முடியாது.

பாலம் எனக்குப் பிடித்திருந்தது. தூண்களுக்கு இடையே தாராளமான இடைவெளி, ஆற்றின் முழு அகலத்துக்கும் பாலம். பாதி ஆற்றை மண்ணால் அடைத்து மீதியை மட்டும் பாலமாக்கிய பழைய சிக்கனம் இங்கே இல்லை. என் கவலை பாலத்துக்கு இரு பக்கமும் நீள்கிற சாலையைப் பற்றியது.

இந்த டெல்டாவில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆறு, வாய்க்கால், வடிகால், வயலின் சரிவு எல்லாமே கடலை நோக்கித்தான். சென்னையிலிருந்து வருகிற பெருஞ்சாலைகளோ வடக்கிலிருந்து தெற்கே ஓடுகின்றன. அப்படியானால் வயல்மட்டத்திலிருந்து ஆளுயரத்துக்குமேல் மண்கொட்டி எழுப்பிய ஒவ்வொரு கிலோமீட்டர் சாலையும் தண்ணீரின் பாதைக்குக் குறுக்கே போட்ட அணைதான். அதில் எத்தனை இடத்தில் வழி விட்டிருக்கிறார்கள், அந்த வழி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மேற்குப் பக்கத்து ஊர் நனைவதும் காய்வதும். பாசன வாய்க்காலுக்குச் சிறுபாலம் கேட்டு வாங்குவது சுலபம், ஏனென்றால் அது வரைபடத்தில் இருக்கிறது. வடிகாலுக்கு வாங்குவது கடினம். பல வடிகால்கள் கோடையில் பார்த்தால் வெறும் பள்ளம்; சர்வே எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் வருகிறார்கள்.

மாலையில் சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். சம்பா அறுவடை முடிகிற நேரம். சாலையின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைத்து வண்டிகளை ஒதுங்கிப்போகச் சொல்லியிருந்தார்கள், பெண்கள் முறம்போன்ற மரப்பலகையால் நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால் தார்ச்சாலைதான் களம். இந்தச் சாலையால் இந்த ஊர்களுக்கு உடனடியாகக் கிடைத்த பயன்களில் இதுவும் ஒன்று. திட்ட அறிக்கையில் இருக்காது. அதே இடத்தில் நெடுஞ்சாலைக்கு அடியில் ஊருக்குப் போகிற கீழ்ப்பாதையின் சுவரில் முழங்காலுக்குமேல் ஒரு சேற்றுக்கோடு காய்ந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்குமாம், மோட்டார் வைத்து இறைப்பார்களாம், பள்ளிப் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிக் கடப்பார்களாம். ஊரின் பெயர் வேண்டாம். இப்படி ஒரு கீழ்ப்பாதை எல்லாப் பெருஞ்சாலையிலும் இருக்கிறது.

வியாழன்: வல்லம்படுகை

அணைக்கரையிலிருந்து கரையோரமாகக் கிழக்கே வந்தால் ம.ஆதனூர் – குமாரமங்கலம் இடையே கட்டியிருக்கும் கதவணை வருகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. கடலை நோக்கி வீணாகப் போகிற தண்ணீரைக் கொஞ்சமாவது நிறுத்துவது, கடலிலிருந்து ஏறுகிற உப்பைக் கீழேயே தடுப்பது, கடலூர் மாவட்டத்துக்கும் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் இடையே ஒரு பாதை கொடுப்பது ஆகிய மூன்றையும் ஒரே கட்டுமானத்தில் எதிர்பார்த்தார்கள்.

வல்லம்படுகையில் சாலைப் பாலமும் ரயில் பாலமும் அருகருகே ஆற்றைக் கடக்கின்றன. தென்கரையில் கொள்ளிடம் என்ற ஊர். பூண்டியாங்குப்பம் – சட்டநாதபுரம் நான்குவழிச் சாலையும் இப்போது இந்த ஆற்றைக் கடக்கிறது. 57 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி 2025 ஏப்ரலில் அர்ப்பணிக்கப்பட்டது.

சீர்காழி வட்டாரத்துக்காரர்களிடம் வெள்ளம் என்று சொன்னால், எந்த வெள்ளம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். 2022இல் இரண்டும் வந்தன. ஆகஸ்ட்டில் வந்தது கர்நாடகத்து மழை. இங்கே வானம் பளிச்சென்று இருக்க, மேட்டூர் நிரம்பி வழிந்த தண்ணீர் சில நாட்களில் முக்கொம்பையும் கீழணையையும் தாண்டி, கரைக்குள்ளேயே கரையளவு ஓடிற்று. கரைக்கு வெளியே இருந்தவர்கள் காய்ந்த தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், கரைக்கு உள்ளே, ஆற்றுப் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நவம்பரில் நடந்தது தலைகீழ். 11ஆம் தேதி இரவு சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொள்ளிடம் அமைதியாக இருந்தது; கரைக்கு வெளியே வயலும் தெருவும் மூழ்கி, தண்ணீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றது.

நாளிதழ்கள் இரண்டையும் வெள்ளம் என்றே எழுதுகின்றன, இரண்டுக்கும் கரையை உயர்த்து என்ற ஒரே கோரிக்கையை வைக்கிறார்கள். ஆகஸ்ட் வெள்ளத்துக்குக் கரை வேண்டும். நவம்பர் வெள்ளத்துக்கு அதே கரையும் அதே நெடுஞ்சாலையும்தான் தடை. ஒரு சாலையை எழுப்பும்போது இந்த இரண்டில் எதை மனத்தில் வைத்து எழுப்புகிறோம் என்று சொல்லாமல் மட்டத்தை மட்டும் உயர்த்துவது, நண்பரின் சொற்களில், "தண்ணிய பக்கத்து ஊருக்கு எழுதி வைக்கிற" வேலை. ஏற்கனவே இருந்த தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே ஒவ்வொரு முறையும் புதிய அடுக்கு போட்டு, வீட்டு வாசல்களெல்லாம் சாலைக்குக் கீழே போய்விட்ட தெருக்களை இங்கே நிறையப் பார்த்தோம். படியேறி வீட்டுக்குள் போனவர்களின் பிள்ளைகள் படியிறங்கிப் போகிறார்கள்.

வெள்ளி: பழையாறு

கொள்ளிடம் கடலில் சேர்கிற பக்கம். துறைமுகத்தில் விசைப்படகுகள், ஐஸ் லாரிகள், கருவாட்டு வாடை. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கொடியம்பாளையம் என்ற தீவு ஊர்; மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் சிதம்பரம் வந்து கடலூர் மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கத்துப் பாலத்தில் நுழைய வேண்டும். பழையாற்றிலிருந்து படகில் போனால் பக்கம்தான். இந்தப் பக்கமும் பாலம் கேட்கிறார்கள்.

இங்கே நின்றால் மேலே பார்த்த பலவற்றுக்குக் காரணம் புரிகிறது. ஆற்றின் படுகை கடல்மட்டத்தோடு போட்டிபோடும் அளவுக்குத் தாழ்ந்துகிடக்கிறது. கோடையில் உப்புத் தண்ணீர் ஆற்றோடு பல கிலோமீட்டர் உள்ளே ஏறி, கரையோரக் கிணறுகளைக் கெடுக்கிறது. வெள்ளக் காலத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்றுத் தண்ணீர் வெளியேறத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் மேலே கரைக்கு உள்ளே இருக்கும் திட்டு ஊர்களில் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் நிற்பதாகப் போய் முடிகிறது. மத்தியானம் சுறாப் புட்டு சாப்பிட்டோம், மிக நன்றாக இருந்தது.

சனி: படுகையும் திட்டும்

கடைசியாகப் பார்க்க வைத்திருந்தவை கரைக்கு உள்ளே இருக்கும் ஊர்கள். தென்கரையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல், கோரைத்திட்டு. வடக்கே பழைய கொள்ளிடத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகியவை. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் என்ற செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பெயர்களும் வரும். படகில் மீட்பு, முகாம், உணவுப் பொட்டலம் என்று இரண்டு நாள் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனோம். எது என்று குறிப்பிடவில்லை, அங்கே சாலையைப் பற்றி நடக்கிற வழக்கு இன்னும் தீராததால்.

ஏன் இங்கே இருக்கிறார்கள், வெளியே மனை கொடுத்தால் போக வேண்டியதுதானே என்று நகரத்தில் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். காலை ஆறு மணிக்கு அங்கே நின்றால் கேட்க மாட்டோம். வண்டல் மண், கத்தரி, வெண்டை, மிளகாய், முல்லை. பனி இறங்காத நேரத்தில் குனிந்து மொட்டு பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மடியில் சேர்த்ததை ஈரத்துணியில் கொட்டி மூட்டையாக்கிக் கொடுக்க, ஒரு பையன் அதை மொபெட்டில் வைத்துக்கொண்டு பறந்தான். பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய விலை போய்விடும். வெள்ளம் பயிரைக் கொண்டுபோகிற ஆண்டுகள் உண்டு. அது விட்டுப்போகிற வண்டலில் அடுத்த போகம் எரு இல்லாமலே வருகிறது. மனை எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும், இந்த மண் கிடைக்காது என்பதால், வெளியே வீடு வாங்கியவர்களும் பகலில் இங்கேதான் இருக்கிறார்கள்.

கரையிலிருந்து ஊருக்கு இறங்கும் சாலை சிமெண்ட் சாலை. நடுவில் ஒரு ஓடை, அதன்மேல் தரைப்பாலம். அடியில் மூன்று குழாய்கள், அவற்றில் ஒன்று வெள்ளத்தில் வந்த நாணலும் வைக்கோலும் அடைத்து முக்கால்வாசி மூடிக்கிடந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது இந்தத் தரைப்பாலம்தான். வீடுகளுக்குள் தண்ணீர் வருவதற்கு வெகு முன்பே வழி போய்விடுகிறது. எனவே அதிகாரிகள் வெளியேறச் சொல்லும்போது மக்கள் தயங்குவது பிடிவாதத்தால் அன்று. வீட்டில் தண்ணீர் இல்லை, பாதையில்தான் இருக்கிறது, மாடு கன்றை என்ன செய்வது என்ற கணக்கு.

உயர்மட்டப் பாலம் வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை. கரையின் மட்டத்திலிருந்து ஊர்வரை சாலையையும் உயர்த்த வேண்டும் என்கிறார்கள். மேற்கே நிலம் வைத்திருப்பவர்கள் அதை எதிர்க்கிறார்கள். ஆற்றுக்கு உள்ளேயே குறுக்கே ஒரு மேட்டுச் சாலை போட்டால் வெள்ளம் எங்கள் பக்கம் அணைகட்டி நிற்கும், உங்களுக்குப் பாதை, எங்களுக்குக் குளமா என்பது அவர்களின் கேள்வி. டீக்கடையில் இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசினார்கள். பங்காளிகள்தான், குரல் உயர்ந்தாலும் யாரும் எழுந்துபோகவில்லை.

நண்பரிடம் கருத்துக் கேட்டார்கள். வெள்ளப் பாதையில் சாலையைத் தாழ்வாக வைத்துத் தண்ணீரை மேலே வழிந்தோட விடுவதுதான் தரைப்பாலத்தின் நியாயம் என்று அவர் விளக்கினார். வெள்ளம் வருகிற நான்கைந்து நாள் அது மூழ்கும், மற்ற நாளெல்லாம் பயன்படும், ஆற்றைத் தடுக்காது, சிமெண்ட் தளமும் இரு பக்க முட்டுச் சுவரும் ஆழமாக இருந்தால் அடித்துக்கொண்டும் போகாது. உயர்மட்டப் பாலம் என்றால் ஓடைக்கு மட்டும் பாலம் கட்டி மீதியை மண்மேடாக்குவது கூடாது. கரையிலிருந்து ஊர்வரை முழு நீளமும் தூண்களின்மேல் போக வேண்டும், அதற்கான செலவை இத்தனை வீட்டுக்காக ஒப்புக்கொள்ள வைப்பது கடினம் என்றார்.

"மூழ்குற பாலத்துக்கு எதுக்குய்யா கல்வெட்டு வச்சுத் திறக்கணும்?" என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த நான்கைந்து நாளில்தான் பிரசவ வலி வரும், பாம்பு கடிக்கும், பெரியவர்களுக்கு நெஞ்சு வலிக்கும். ஆண்டில் மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கிற சாலையின் அருமையை அந்த நாட்களில் அளக்க முடியாது. அவருடைய மருமகளை 2022 ஆகஸ்ட்டில் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனதாகவும், படகுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்ததாகவும் சொன்னார். நண்பர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

என் எண்ணத்தை எழுதிவிடுகிறேன். மேட்டுச் சாலை போடுவதை எதிர்க்கிறவர்கள் பக்கம்தான் பொறியியல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஊர்க்காரர்களைத் தரைப்பாலத்தோடு விட்டுவிடுவது நேர்மையல்ல. ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டருக்கு நான்குவழிப் பாலம் போட முடிகிற இடத்தில், ஓடையின் மேலும் அதன் இரு பக்கத்துத் தாழ்வின் மேலும் ஒற்றைவழிப் பாலத்தைத் தூண்களின்மேல் எழுப்புவது பெரிய காரியமல்ல; கார் போக வேண்டாம், ஓர் ஆம்புலன்சும் ஒரு டிராக்டரும் போனால் போதும். இத்தனை வீட்டுக்கு இவ்வளவு செலவா என்ற கணக்கை, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் முகாமுக்கும் படகுக்கும் நிவாரணத்துக்கும் ஆகிற செலவையும் சேர்த்துப் போட வேண்டும்.

கிளம்பும்போது, பாலம் வருவதற்கு முன் ஏதாவது ஒன்றை மட்டும் உடனே செய்யலாம் என்றால் எதைக் கேட்பீர்கள் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டேன். இரு தரப்பும் இதில் ஒத்துப்போனார்கள்: மாடுகளை ஏற்றிக் கட்ட ஊருக்குள்ளேயே ஒரு மேடு, வெள்ள மட்டத்துக்கு மேல், மேலே கொட்டகையும் ஒரு கைப்பம்பும். மாட்டுக்கு இடம் இருந்தால் மனிதர்கள் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றார்கள். தரைப்பாலத்தின் அடைபட்ட குழாயைச் சித்திரைக்குள் தூர்வாருவதாகவும் இளைஞர்கள் இருவர் ஏற்றுக்கொண்டார்கள்; அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.